நிக்கான் இசட்6 டூ-விலிருந்து இசட்6 த்ரீ-க்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிக்கான் இசட்6 டூ கேமரா 2020 அக்டோபரில் அறிமுகமானது. இசட்6 த்ரீ வந்தது 2024 ஜூனில். இனி டூ, த்ரீ என்று மட்டும் சொன்னால் இந்த இரண்டைத்தான். இடைப்பட்ட காலத்தில் டூ-வை வாங்கிக் கல்யாணம், மேடை நிகழ்ச்சி, குழந்தைப் படம் என்று உழைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். வேறு கம்பெனி கேமரா வைத்திருப்பவர்களுக்கும் யோசிக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். மாறலாமா, வேண்டாமா?

ஃபோகஸ் தவறியோ, கேமராவின் வேகம் போதாமலோ உங்கள் படங்கள் வீணாகின்றன என்றால் மாறலாம். வீடியோ வேலையில் வருமானம் வருகிறது என்றாலும் மாறலாம். படம் இன்னும் "கிளியராக" வரும் என்ற எண்ணத்தில் மாறாதீர்கள். அந்தக் காசுக்கு அது கிடைக்காது.

எதனால் வீணாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேமரா கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். கடைசியாக எடுத்த சில நிகழ்ச்சிகளின் முழு ஃபோல்டரையும் திறங்கள். வாடிக்கையாளரிடம் கொடுத்த படங்களை விட்டுவிடுங்கள், கழித்த படங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் நூறு சதவீதம் பெரிதாக்கி, ஏன் கழித்தோம் என்று பாருங்கள்.

மணமகளின் முகம் மங்கலாக இருந்து பின்னால் இருக்கும் மேடை அலங்காரம் கூர்மையாக இருக்கிறதா? அது ஃபோகஸ் தவறு. புது பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) இதில் நிச்சயம் உதவும். முகம், பின்னணி இரண்டுமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறதா? கை ஆடியிருக்கிறது. பின்னணி கூர்மையாக இருக்க, ஆடும் குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. அதற்கு எந்தப் புது கேமராவும் மருந்து இல்லை. 1/60-ல் எடுத்ததை 1/250-ல் எடுக்க வேண்டும், அதற்கான வெளிச்சம் பெரிய துளையுள்ள லென்ஸிலிருந்தோ ஃப்ளாஷிலிருந்தோதான் வர வேண்டும். படம் கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியான நொடி போய்விட்டது என்றால், பாதி கேமராவின் வேகம், பாதி நாம் நின்ற இடம்.

இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு காரணம் தனியாகத் தெரியும். மாறுவதா இல்லையா என்பதை அந்தக் காரணம்தான் முடிவு செய்ய வேண்டும். விமர்சன வீடியோக்கள் கேமராவைப் பற்றிச் சொல்லும். உங்கள் கையில் என்ன தவறுகிறது என்று உங்கள் கழிவு ஃபோல்டருக்கு மட்டும்தான் தெரியும்.

படத்தின் தரம் கூடுமா?

இரண்டுமே 24.5 மெகாபிக்ஸல். அதே லென்ஸ், அதே செட்டிங்கில் எடுத்த இரண்டு படங்களை ஆல்பத்தில் அச்சடித்து வைத்தால் எது எந்த கேமராவில் எடுத்தது என்று சொல்ல முடியாது.

சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் பழையது கொஞ்சம் மேல். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100-ல் எடுத்த ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைல்) நிழல் பகுதியை எடிட்டிங்கில் நன்றாகத் தூக்கினால், த்ரீ-யில் புள்ளிகள் சற்று அதிகம் தெரியும். வேகத்துக்காகச் செய்த மாற்றத்தின் விலை அது. ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். மண்டபத்துக்குள் எடுப்பவருக்கு இது பொருட்டே இல்லை. மலையில் விடியற்காலை நிலக்காட்சி எடுத்து நிழலைத் தூக்கும் பழக்கம் உள்ளவர் டூ-வையே வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு அந்தப் புது சென்சாரால் என்ன பயன்?

சாதாரண சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. டூ-வில் இந்த வாசிப்பு மெதுவாக நடக்கும். அதனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் வேகமாக அசையும் கை வளைந்து தெரியும், எல்இடி விளக்கில் கோடு கோடாக விழும். த்ரீ-யில் இருப்பது பகுதி அடுக்கு சென்சார். வேகமாக வாசிக்கும் மின்சுற்றுகளை சென்சாரின் மேலும் கீழும் மட்டும் அடுக்கியிருக்கிறார்கள். முழுவதும் அடுக்கினால் இசட்8, இசட்9 போல விலை ஏறிவிடும். வாசிப்பு வேகம் டூ-வைவிடச் சுமார் 3.5 மடங்கு என்று நிக்கான் சொல்கிறது.

நடைமுறையில் என்ன மாறுகிறது? கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது, தேவாலயத்தில் பிரார்த்தனை நடக்கும்போது, துளிச் சத்தம் இல்லாமல் எடுக்கலாம், பெரும்பாலான படங்கள் வளையாமல் வரும். மிருதங்கக்காரரின் விரல்கள் உச்ச வேகத்தில் இருக்கும்போது அப்போதும் லேசான வளைவு வரலாம். டூ-வில் சத்தமில்லாத முறையில் ஃப்ளாஷ் வேலையே செய்யாது. த்ரீ-யில் எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/60 வரை ஃப்ளாஷ் அடிக்கலாம்.

தொடர் படங்களில் மெக்கானிக்கல் ஷட்டரில் இரண்டுமே விநாடிக்கு 14 என்றுதான் போட்டிருக்கும். ஆனால் டூ-வில் அந்த 14 கிடைக்க ரா-வின் நிற நுணுக்கத்தை 12 பிட்டுக்கு இறக்கி, ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. த்ரீ-யில் எலக்ட்ரானிக் ஷட்டரில் விநாடிக்கு 20 ரா கிடைக்கிறது. ஜேபெக் போதும் என்றால் முழு ஃப்ரேமில் 60, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் 120. பட்டனை முழுதாக அழுத்துவதற்கு ஒரு விநாடி முன்பு வரை நடந்ததையும் சேமிக்கும் வசதி ஜேபெக்கில் இருக்கிறது. மீன்கொத்தி கிளையை விட்டுக் கிளம்பும் தருணத்துக்காகக் காத்திருப்பவருக்கு இந்த ஒன்றே போதுமான காரணம். கல்யாணத்தில் இதற்குப் பெரிய வேலை இல்லை.

மண்டபத்து எல்இடி திரையில் கோடு விழுகிறது. த்ரீ-யில் நின்றுவிடுமா?

குறையும். முதலில் டூ-விலேயே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். மெக்கானிக்கல் ஷட்டருக்குப் போங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். அதனால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் ட்யூப் லைட், சாதாரண எல்இடி பல்பு தரும் தொல்லை அடங்கும். மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பையும் ஆன் செய்யுங்கள். மேடைக்குப் பின்னால் வைக்கும் பெரிய எல்இடி திரையின் துடிப்பு இதைவிடப் பல மடங்கு வேகம், இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதற்காகத்தான் த்ரீ-யில் ஷட்டர் வேகத்தை மிகச் சிறிய படிகளில் நகர்த்தும் வசதி இருக்கிறது. வியூஃபைண்டரைப் பார்த்துக்கொண்டே கோடு மறையும் இடத்தில் நிறுத்திவிடலாம்.

ஆட்டோஃபோகஸ் வித்தியாசம் உண்மையிலேயே பெரிதா?

ஆமாம். மாறுவதற்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

டூ மோசமான கேமரா இல்லை. நின்று சிரிக்கும் மனிதரின் கண்ணை அது நன்றாகவே பிடிக்கும். சிக்கல் வருவது முகம் மறைந்து மறைந்து தெரியும்போது. தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டி மேளம் முழங்குகிறது, எல்லாத் திசையிலிருந்தும் அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை, மணமகளின் முகத்துக்கு முன்னால் நாத்தனாரின் கை, பின்னால் மொபைலை நீட்டிக்கொண்டு இருபது பேர். மணமகளின் முகம் அரை நொடி மறைந்தால் போதும், டூ பக்கத்தில் இருக்கும் வேறொரு முகத்துக்குத் தாவிவிடும், அல்லது புகையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வருவதற்குள் முடிச்சு விழுந்திருக்கும். அதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

த்ரீ-யில் இசட்9-ல் வந்த எக்ஸ்பீட் 7 செயலி இருக்கிறது. டூ-வில் இருந்தவை இரண்டு எக்ஸ்பீட் 6. செயலிகளின் எண்ணிக்கை குறைந்தாலும் திறன் கூடியிருக்கிறது. டிஎஸ்எல்ஆர் காலத்து நிக்கான்காரர்கள் டூ-வில் ஏங்கிய 3டி ட்ராக்கிங் திரும்ப வந்திருக்கிறது. ஒரு முகத்தில் புள்ளியை வைத்துப் பிடித்துவிட்டால், நீங்கள் ஃப்ரேமை நகர்த்தினாலும் அவர் நகர்ந்தாலும் புள்ளி கூடவே போகும். இடையில் கை குறுக்கிட்டாலும் பெரும்பாலும் அதே ஆளிடம் திரும்பி வருகிறது. டூ மனிதர், நாய், பூனையோடு நின்றுவிடுகிறது. த்ரீ பறவை, கார், பைக், சைக்கிள், ரயில், விமானம் என்று ஒன்பது வகையை அடையாளம் காண்கிறது. மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடிக்கும் எல்லையும் மைனஸ் 10 இவி (வெளிச்ச அளவு, எண் இறங்க இறங்க இருட்டு) வரை இறங்கியிருக்கிறது. வரவேற்பில் விளக்கை அணைத்து ஜோடியை நடக்கவைக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கு இது முக்கியம்.

மாறுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். உங்கள் டூ-வில் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) கடைசிப் பதிப்புதானா என்று பாருங்கள். பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. கூட்டத்தில் முழு ஃப்ரேம் ஆட்டோ ஏரியாவை விட்டு, வைடு ஏரியா பெரியதில் முகக் கண்டறிதலை வைத்து அந்தப் பெட்டியை மணமக்கள் மேல் நிறுத்திப் பாருங்கள். தவறும் படங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மாறுங்கள்.

இசட்5 டூ என்று ஒன்று இருக்கிறதே?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் அதிகம். 2025 ஏப்ரலில் இசட்5 டூ வந்தது. பெயரைப் பார்த்து இது இசட்6-க்குக் கீழே என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது அதே எக்ஸ்பீட் 7, அதே 3டி ட்ராக்கிங், அதே ஒன்பது வகை. மங்கிய வெளிச்சத்திலும் மைனஸ் 10 இவி வரை. சென்சார் மட்டும் இசட்6 டூ-வில் இருப்பது போன்ற பழைய பாணி 24.5 மெகாபிக்ஸல். அதாவது நிழல் பகுதியில் அந்தச் சிறு நஷ்டமும் கிடையாது.

அமெரிக்காவில் அறிமுக விலையை வைத்துப் பார்த்தால் இசட்6 டூ ஏறத்தாழ 2,000 டாலர், த்ரீ 2,500, இசட்5 டூ 1,700. த்ரீ-க்கும் இசட்5 டூ-வுக்கும் உள்ள 800 டாலரில் ஒரு நல்ல 50 மிமீ எஃப்1.8 எஸ் லென்ஸே வந்துவிடும், மீதியும் இருக்கும்.

எதை இழக்கிறீர்கள்? வாசிப்பு வேகத்தை. சத்தமில்லாத ஷட்டரின் குறைகள் டூ-வில் போலவே இருக்கும். 4கே 60-ல் இரு பக்கமும் வெட்டுப்படும். இரண்டு கார்டு இடமும் எஸ்டி, அதனால் நீண்ட தொடர் படங்களில் சீக்கிரம் மூச்சு வாங்கும். வியூஃபைண்டர் 3.69 மில்லியன் புள்ளி, த்ரீ-யில் 5.76 மில்லியன்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்து: வீடியோ எடுக்காத, பறவை எடுக்காத கல்யாண, குடும்பப் புகைப்படக்காரருக்கு த்ரீ-யைவிட இசட்5 டூ-தான் சரி. டூ-விடம் அவர் கோபப்பட்டது ஃபோகஸுக்காக. அதைச் சரிசெய்ய இதுவே போதும்.

வீடியோவுக்கு?

இங்கே யோசிக்க அதிகம் இல்லை, த்ரீ வேறு தளத்தில் இருக்கிறது. டூ உள்ளே பதிவு செய்வது 8 பிட் மட்டும். என்-லாக் (பிறகு நிறத்தைத் திருத்த வசதியான பதிவு முறை) வேண்டுமானால் ஹெச்டிஎம்ஐ வழியாக வெளி ரெக்கார்டர் மாட்ட வேண்டும். த்ரீ-யில் 10 பிட் என்-லாக், ப்ரோரெஸ் (எடிட்டிங்குக்கான வீடியோ வடிவம்), 6கே 60-ல் என்-ரா (நிக்கானின் ரா வீடியோ) எல்லாம் கார்டிலேயே ஏறுகிறது. 4கே 60 முழு அகலத்தில் கிடைக்கும், 4கே 120 நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். திரையை முழுவதும் திருப்பி முன்பக்கம் காட்டலாம், தனியாக எடுப்பவருக்கு உதவும். என்-ரா ஃபைல்கள் மிகப் பெரியவை. ஹார்ட் டிஸ்க் செலவை முன்கூட்டியே பட்ஜெட்டில் சேருங்கள்.

அதே காசுக்கு லென்ஸ் வாங்கலாமா?

உங்களிடம் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் மட்டும்தான் என்றால், ஆம், கேள்வியே இல்லை. எஃப் எண் சிறியதானால் துளை பெரிது. 24-70 எஃப்4 லென்ஸை விட்டு எஃப்1.8-க்குப் போனால் இரண்டு படிக்கு மேல் (ஒரு படி என்றால் இரு மடங்கு) வெளிச்சம் கூடுகிறது. ஐஎஸ்ஓ 12800-ல் எடுத்ததை 3200-க்கும் கீழே எடுக்கலாம். சேலையின் ஜரிகை, முகத்தின் தோல் எல்லாம் வேறு மாதிரி வரும். எந்தப் பாடியும் இந்த அளவு முன்னேற்றம் தராது. சென்சாருக்கு வரும் வெளிச்சம் கூடினால் டூ-வின் ஃபோகஸும் இருட்டில் கொஞ்சம் தேறும்.

நல்ல லென்ஸ்கள் ஏற்கெனவே இருந்தால் அடுத்தது பாடிதான்.

ஸ்டெபிலைசேஷன் 8 படி என்கிறார்களே?

டூ-வில் 5 படி, த்ரீ-யில் 8. நமது கை ஆட்டத்துக்கு மட்டும். ஆடுபவரை அது நிறுத்தாது. கோயில் பிரகாரத்தில் ட்ரைபாட் அனுமதி இல்லாமல் தூணையும் சிற்பத்தையும் எடுப்பவருக்கு நல்ல லாபம்.

டிஎஸ்எல்ஆர் காலத்துப் பழைய எஃப் மவுண்ட் லென்ஸ்கள் வைத்திருக்கிறேன்.

எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் டூ-வில் வேலை செய்யும் லென்ஸ் எல்லாம் த்ரீ-யிலும் வேலை செய்யும். உள்ளே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்குப் புது ட்ராக்கிங்கின் பலனும் கிடைக்கும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் இரண்டிலுமே கையால்தான் ஃபோகஸ்.

பேட்டரி, கார்டு எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா?

இல்லை. இரண்டிலும் இஎன்-இஎல்15சி பேட்டரிதான். இரண்டிலும் ஒரு சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி (எஸ்டி-யைவிட வேகமான கார்டு) இடம், ஒரு எஸ்டி இடம். ஆனால் டூ-வில் எஸ்டி மட்டும் போட்டு ஓட்டியவர்கள், த்ரீ-யின் வேகத்துக்கு ஒரு சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டும் ரீடரும் வாங்க வேண்டியிருக்கும். பேட்டரி நீடிப்பதில் பெரிய முன்னேற்றம் இல்லை. முழு நாள் கல்யாணத்துக்கு மூன்று பேட்டரியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

என் கம்ப்யூட்டர் தாங்குமா?

மெகாபிக்ஸல் அதே என்பதால் ஒரு படத்தைத் திருத்துவதில் பளு கூடாது. படங்களின் எண்ணிக்கைதான் கூடும். இன்னொன்று: ஸ்டூடியோக்களில் பல வருடம் முந்தைய லைட்ரூம், ஃபோட்டோஷாப் இன்னும் ஓடுகிறது. அவை த்ரீ-யின் ரா ஃபைலைத் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றிக்கொள்ளலாம், அல்லது நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டூடியோவைப் பயன்படுத்தலாம்.

பழைய டூ-வை விற்றுவிடலாமா?

தொழிலுக்கு எடுப்பவர் என்றால் விற்காதீர்கள். முகூர்த்தத்துக்கு நடுவில் ஒரு பாடி நின்றுபோனால் இன்னொன்று தோளில் இருக்க வேண்டும். அதே பேட்டரி, அதே லென்ஸ், அதே கார்டு என்பதால் டூ-வைவிடப் பொருத்தமான இரண்டாவது பாடி கிடையாது. ஒன்றில் 35 மிமீ, இன்னொன்றில் 85 மிமீ மாட்டிக்கொண்டால் தூசிக்கு நடுவே லென்ஸ் மாற்றும் வேலையும் இல்லை. இரண்டிலும் ஒரே பிக்சர் கன்ட்ரோல், கையால் வைத்த ஒயிட் பேலன்ஸ் இருந்தால் ஆல்பத்தில் நிறம் பெரிதாக விலகாது.

பொழுதுபோக்குக்காக எடுப்பவர் விற்கலாம். விற்பதென்றால் பெட்டி, பில், சார்ஜரோடு சேர்த்து, முடிவெடுத்தவுடனே விற்றுவிடுங்கள். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் விலை இறங்கும். டூ-வின் ஷட்டர் 2 லட்சம் படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. வாங்குபவர் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்.

பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பீஸுக்கு இங்கே நிக்கான் இந்தியாவின் வாரண்டி கிடைக்காது. தவிர, டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்து, உங்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலித்துக் கட்டுபவர் என்றால், உங்கள் எண் போட்ட பில்லை வைத்து அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகை, பில் இல்லாமல் மிச்சமாகும் காசைவிடப் பெரும்பாலும் அதிகம். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருந்தால் அடுத்த மாடல் வந்துவிடாதா?

வரத்தான் செய்யும். முதல் இசட்6 2018-ல், டூ 2020-ல், த்ரீ 2024-ல். இதில் ஒரு ஒழுங்கும் இல்லை, கணக்குப் போட்டுப் பயனில்லை. சீசனுக்கு முன்னால் தேவை இருந்தால் வாங்குங்கள். தேவை இல்லையென்றால் காத்திருப்பதிலும் நஷ்டம் இல்லை.

முடிவெடுக்க முடியவில்லை. என்ன செய்வது?

த்ரீ-யை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சும்மா மொட்டை மாடியில் வைத்துப் பார்க்க வேண்டாம், உண்மையான வேலைக்குக் கொண்டுபோங்கள், டூ-வும் கூடவே இருக்கட்டும். முதல் நாள் இரவே மெனுவில் மூன்று காரியம் முடித்துவிடுங்கள்: கண்டறியும் வகையை "மனிதர்" என்று நிறுத்துங்கள், 3டி ட்ராக்கிங்கை எஃப்என்1 பட்டனுக்குக் கொடுங்கள், பேக் பட்டன் ஃபோகஸ் (பின்பக்கப் பட்டனால் ஃபோகஸ் பிடிப்பது) பழக்கம் உள்ளவர் அதையும் டூ-வில் இருப்பதுபோலவே வையுங்கள். விரல் தடுமாறினால் கேமராவின் அருமை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு கார்டிலும் கழித்த படங்களைத் தனித்தனி ஃபோல்டரில் போட்டு எண்ணிப் பாருங்கள்.